எரிமலை போட்ட தோட்டம்!

மலையின் பெயர் ‘குனுங் ஆபி’. இந்தோனேஷிய பாஷையில் குனுங் என்றால் மலை, ஆபி என்றால் நெருப்பு. பெயர் வைத்தவர்கள் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். 1988 மே 9-ம் தேதி மலை தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. வெடித்துக் கிளம்பிய நெருப்புக் குழம்பு சரிவில் வழிந்து நேரே கடலில் இறங்கியது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் படகேறித் தப்பித்தார்கள். பவளப் பாறைக்கு ஏது படகு? குழம்பு இறங்கிய இடத்தில் இருந்ததெல்லாம் குளோஸ்!

இன்றைக்கு உலகம் பூராவும் இருந்து ஆசாமிகள் வந்து முங்குவது அதே இடத்தில்தான்.

இடம், இந்தோனேஷியாவின் கிழக்கே பண்டா தீவுகள். (அவசரத்தில் ‘பந்தா’ என்று படித்துவிடாதீர்கள். பந்தா பண்ண அங்கே ஆளே குறைச்சல்.) ஜகார்த்தாவிலிருந்து அம்போன் வரை விமானம். அங்கிருந்து, கடல் நல்ல பிள்ளையாக இருந்தால் வேகப்படகில் ஐந்தாறு மணி நேரம். பருவக்காற்று அடித்தால் வேகப்படகு ஓடாது. லீவு லெட்டரில் நாலு நாள் கூடவே எழுதிவிட்டுப் புறப்படுவது உத்தமம்.

நம் பாட்டிமார் குழந்தைக்கு உரைத்துப் புகட்டினார்களே ஜாதிக்காய், அதன் பிறந்த வீடு இதுதான். பதினெட்டாம் நூற்றாண்டு வரை உலகத்துக்கே சப்ளை இங்கிருந்துதான். அந்தக் காய்க்காக 1621-ல் டச்சுக் கம்பெனி இந்தத் தீவுக்காரர்களைக் கொன்று குவித்தது. 1667-ல் ஒரு ஒப்பந்தம். இங்குள்ள ‘ருன்’ என்ற குட்டித் தீவை வெள்ளைக்காரன் டச்சுக்காரனுக்கு விட்டுக்கொடுத்தான். பதிலுக்கு டச்சுக்காரன் விட்டுக்கொடுத்தது, இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன்! பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு வியாபாரத்தை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

சரி, தண்ணீருக்கு வருவோம். முதல் வகை, ஸ்நார்க்கலிங். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் வளைந்த குழாய், காலில் வாத்துக்கால். மேலே மிதந்தபடியே கீழே பார்க்கலாம். படகிலிருந்து பார்த்தபோது கரையில் ஒரே கறுப்புச் சரிவு. புல்கூட யோசித்து யோசித்துத்தான் முளைத்திருந்தது. முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். கல்யாணப் பந்தி போட்டாற்போல் மேஜை மேஜையாகப் பவளம்! ஒன்றன்மேல் ஒன்று, இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு. நடுவில் மீன்கள் பரிமாறுகிறவர்கள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

வெடித்து ஐந்தே வருஷத்தில் விஞ்ஞானிகள் வந்து அளந்திருக்கிறார்கள். 124 வகைப் பவளங்கள். சில மேஜைகள் 90 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். பவளம் என்றால் ஆமை வேகம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அதிர்ச்சி. காரணம் சிம்பிள். ஆறிய குழம்பு புத்தம்புதுப் பாறை. மணலில்லை, சேறில்லை, போட்டிக்கு ஆளில்லை. தெளிந்த நீரோட்டம் வேறு. பக்கத்தில் தப்பிப் பிழைத்த பவளங்கள் விட்ட குஞ்சுகள் மிதந்து வந்து, காலி மனையில் குடியேறிவிட்டன.

இரண்டாவது வகை, ஃப்ரீ டைவிங். ஒரே மூச்சில் இறங்கி ஏறுவது. நம் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்கள் பரம்பரையாகச் செய்த வேலை. ஆனால் ‘நிறையக் காற்று பிடிக்கிறேன் பேர்வழி’ என்று முங்குவதற்கு முன் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கக் கூடாது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறதென்று எச்சரிப்பதே அதுதான். எச்சரிக்கை இல்லாமலே நினைவு தப்பும். எத்தனை பெரிய சூரனானாலும் தனியாக இறங்காதீர்கள்.

மூன்றாவது, ஸ்கூபா. முதுகில் சிலிண்டர். முறையாகப் பயிற்சி பெற்ற பிறகுதான். பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு. ஏறும்போது மூச்சை அடக்கினால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவே மூச்சு விட்டபடி மெதுவாக ஏற வேண்டும். கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள்.

இன்னொரு விஷயம். ‘எரிமலையே ஒன்றும் பண்ண முடியவில்லை, நான் ஒரு கால் வைத்தால் என்ன?’ என்று பவளத்தின்மேல் ஏறி நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டுகிறவர்கள் உண்டு. எரிமலை ஒருதரம் அடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது, சார். நாம் அப்படியா? தினம் ஒரு படகு, படகுக்கு ஒரு நங்கூரம், ஆளுக்கு இரண்டு கால்.

இது போதாதென்று கடலே சூடேறிக்கொண்டிருக்கிறது. சூடு தாங்காத பவளம் வெளுத்துப்போகிறது, பல சமயம் செத்தும்போகிறது. குழம்பு ஒரு மூலையைத்தான் அழித்தது. பக்கத்து வயலில் விதைநெல் இருந்தது, இங்கே மறுபடி விளைந்தது. சூடு எல்லா வயலையும் ஒரே சமயத்தில் கருக்கினால், விதைநெல்லுக்கு எங்கே போவது?

பண்டாவுக்குப் போகிறவர்கள் நன்றாகப் பாருங்கள், ஆசை தீர முங்குங்கள். காலை மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.