அது ஆருட ஊட்டுல இருக்கு?

நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே மாமா. கற்பிட்டியில் கருவாட்டு வாடி வைத்திருக்கிறார். 2025 தை மாதம் அவருடைய கணக்குக் கொப்பிகளைக் கம்பியூட்டருக்குள் ஏற்றும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. எங்களில் ஒருத்தர் ஐடி படித்தவர். ஒருத்தி கணக்கியல் படித்துக்கொண்டிருப்பவள். மூன்றாவது ஆள் எதையும் படித்து முடிக்கவில்லை, ஆனால் வாடியில் எந்தச் சாக்கில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். கூட்டணி மோசமில்லை என்றுதான் நினைத்தோம்.

வெளியே இருந்து பார்த்தால் கருவாட்டு வியாபாரம் என்பது மீன், உப்பு, வெயில். உள்ளே வந்து பார்த்தால் அது முழுக்கக் கடன். படகுக்காரருக்கு மாமா முற்பணம் கொடுத்திருப்பார், வலைக்கும் எஞ்சினுக்கும். அவர்கள் மீனாகக் கழித்துக்கொண்டு வருவார்கள். அந்தப் பக்கம் கொழும்பு வியாபாரி மாமாவுக்குக் கொடுக்கவேண்டியது நிற்கும். முப்பத்தெட்டுப் படகு. ஒவ்வொரு படகுக்கும் கொப்பியில் ஒரு பக்கம். அந்தக் கொப்பி போனால் வாடி போனமாதிரி. படகுக்காரருக்கும் அப்படித்தான், தான் கழித்துவிட்ட கடனுக்குச் சாட்சி அந்தப் பக்கம் மட்டுமே.

கிளவுட்டில் வைப்போம் என்று முதல் நாளே சொன்னோம். மாமா ஒரு கேள்விதான் கேட்டார்.

"அது ஆருட ஊட்டுல இருக்கு?"

சிரித்துவிட்டோம். அப்படி யாருடைய வீட்டிலும் இல்லை மாமா, இன்டர்நெட்டில் இருக்கும் என்றோம். "இன்டர்நெட்டும் ஒரு எடத்துலதானே மகன் இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. அமேசான், மைக்ரோசொஃப்ட், கூகுள் மூன்றுக்கும் இலங்கையில் டேட்டா சென்டர் தொகுதி கிடையாது. நாங்கள் வாடகைக்கு எடுத்த சின்ன சேர்வர் சிங்கப்பூரில் ஓடியது. முந்தல்காரர் ஒருவர் வாங்கிய முற்பணம் சிங்கப்பூரில் ஏதோ ஒரு கட்டிடத்தில் எழுதப்பட்டிருந்தது.

அந்தக் கேள்வி மாமாவுக்கு எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் விளங்கியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மாமாவுக்கு வயது பன்னிரண்டு. எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். எங்கள் அப்பாவுக்கு, அதாவது மாமாவின் வாப்பாவுக்கு, அங்கே கடை இருந்தது. கடைக் கொப்பிகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. தான் கொடுக்கவேண்டியதை அப்பா நினைவில் வைத்திருந்து, வருடக்கணக்காகத் தேடித் தேடிக் கொடுத்தார். தனக்கு வரவேண்டியது வரவில்லை. வரவேண்டும் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் என்ன நடக்கும் என்பதை அந்தக் குடும்பம் பார்த்திருக்கிறது. அடுத்தவன் வீட்டில் வைக்கவும் மனம் வரவில்லை. மாமாவின் கேள்விக்குள் இந்த இரண்டும் இருந்தன.

நாங்கள் எடுத்த சொஃப்ட்வெயார் ஈஆர்பிநெக்ஸ்ட். திறந்த மூலம், காசு கட்டவேண்டியதில்லை. கருவாட்டு வாடிக்கு அது நாலு சைஸ் பெரிய சட்டைதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதே சொஃப்ட்வெயாரை வாடகை சேர்வரிலும் ஓட்டலாம், மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டியிலும் ஓட்டலாம். ஒன்றில் தொடங்கி மற்றதற்கு மாறினாலும் கணக்கு எங்கள் கையில் இருக்கும். இதை நாங்கள் கெட்டிக்காரத்தனத்தில் தெரிவு செய்யவில்லை, இலவசம் என்பதால் எடுத்தோம். பிறகு அதுதான் காப்பாற்றியது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்கக் கறண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு இரண்டு நாள் பிந்தித்தான் வந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்களுக்குப் பக்கத்தில், 900 மெகாவாட், வாடிக்குப் போகும் வழியில் புகைபோக்கி தெரியும். அதன் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேரக் கறண்ட் வெட்டு. திங்கட்கிழமை கொழும்பு லொறி வந்து நிற்கிறது. ரவுட்டர் செத்துவிட்டது. போனில் சிக்னல் ஒரு கோடு. சிங்கப்பூரில் கணக்கு பத்திரமாகத்தான் இருந்தது, எங்களால்தான் பார்க்க முடியவில்லை. மாமா ஒன்றும் பேசாமல் கொப்பியைத் திறந்து கணக்கை முடித்து லொறியை அனுப்பினார். கம்பியூட்டர் வந்த பிறகும் அவர் கொப்பியில் எழுதுவதை நிறுத்தவில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

காசுக் கணக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. வாடகை சேர்வர் மாதம் 12 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் 3,600. மூன்று வருடத்தில் 129,600. பழைய சின்னக் கம்பியூட்டர் ஒன்று 65,000, யூபிஎஸ் 25,000. கையிலிருந்தே கணக்கு முடிந்துவிட்டது. அதைவிட டொலர் மேல் எங்களுக்குப் பயம் இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டதைப் பார்த்த தலைமுறை நாங்கள். மீன் விலை ரூபாயில் வரும், சேர்வர் வாடகை டொலரில் போகும், இடையில் யார் நசுங்குவது?

அந்த நேரம் எங்கள் ஐடிக்காரர் 37சிக்னல்ஸ் கம்பனியின் கதையைக் கொண்டுவந்தார். 2022இல் மட்டும் கிளவுட்டுக்கு 32 லட்சம் டொலர் கட்டியவர்கள். போதும் என்று சொல்லி சொந்த சேர்வர்களை வாங்கி வெளியேறிவிட்டார்கள். டேவிட் ஹைனமையர் ஹன்சன் அதைப்பற்றி எழுதியதையெல்லாம் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நாங்களும் வெளியேறுவோம் என்று உற்சாகமாகிவிட்டோம். ஹன்சனின் சேர்வர்கள் குளிரூட்டிய டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த இடத்தில் நிற்கின்றன, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், நமது சேர்வர் கருவாட்டுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மேசைக்குக் கீழே பெட்டியை வைத்தோம். ஒரு வைஃபை. வாடியில் நிற்கிறவர் போனிலேயே சாக்கு எண்ணிக்கையைப் பதியலாம், இன்டர்நெட் வேண்டியதில்லை. இரண்டு மாதம் ராஜா மாதிரி இருந்தோம்.

வைகாசியில் காத்து தொடங்கியது. கற்பிட்டிக் காத்தைத் தேடி வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் ஓட வருவார்கள். எங்களுக்கு அது உப்பும் மணலும். பெட்டியின் காற்றாடி ஒரு மாதிரி முனகத் தொடங்கியது. ஆடி மாதம் ஒரு நாள் கறண்ட் போனது, யூபிஎஸ் இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை, பெட்டி திரும்ப எழும்பவில்லை. திறந்து பார்த்தால் பலகையில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி உப்பு அரித்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் போயிருந்தது.

பெக்கப் இருக்கிறது என்று தைரியமாகச் சொன்னோம். ஒவ்வொரு இரவும் ஒரு யூஎஸ்பிக்குப் பிரதி போகும்படி செய்திருந்தோம். யூஎஸ்பியைத் திறந்தோம். கடைசிப் பத்தொன்பது நாள் கோப்புகளின் அளவு பூச்சியம். பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. யூஎஸ்பி நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். எங்களில் ஒருவரும் ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. இதற்கு எந்தக் கம்பனியையும் திட்ட முடியாது.

பத்தொன்பது நாளையும் மாமாவின் கொப்பியைப் பார்த்து மூன்று இரவு இருந்து பதிந்தோம். மாமி பிளேன்டீ ஊற்றித் தந்துகொண்டே இருந்தார். மாமா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த இரவுகளில்தான் 2023இல் நம் நாட்டில் நடந்ததை ஒழுங்காக வாசித்தோம். லங்கா அரசாங்க கிளவுட் என்று ஒன்று இருக்கிறது, அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் அதில் ஓடின. ஓகஸ்ட் மாதம் ரான்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல்கள் திரும்ப வரவில்லை. ஒன்லைனில் இருந்த பெக்கப்பையும் அது தின்றுவிட்டது, வெளியே கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்ததோ மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கக் காசில்லாமல் தள்ளிப்போட்டிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல், எங்களுக்குப் பத்தொன்பது நாள். வித்தியாசம் மாமாவின் கொப்பி மட்டும்தான். கிளவுட் என்று பெயர் வைத்தாலும் அதுவும் யாரோ ஒருவருடைய வீட்டில் இருந்த பெட்டிதான் என்பது அப்போது உறைத்தது.

திரும்ப வாடகைக்கே போவோமா என்று சண்டை வந்தது. கணக்கியல்காரி போவோம் என்றாள், சோஹோ புக்ஸ் மாதிரி ஒன்றை எடுத்து நிம்மதியாக இருப்போம் என்றாள். சோஹோ சொந்த டேட்டா சென்டர்களில் ஓடுகிறது, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்க்காரர் கம்பனி. அவர்களுக்கு அது சொந்த வீடு, எங்களுக்கு அடுத்த வீடு. கம்பனி நினைத்தால் கடையைச் சாத்தலாம் என்று ஐடிக்காரர் மறித்தார். இன்டுயிட் கம்பனி 2023இல் இந்தியாவில் குவிக்புக்ஸ் சேவையை நிறுத்தியபோது, வருடக்கணக்காக அதில் கணக்கு வைத்திருந்த சின்ன வியாபாரிகள் தங்கள் தரவை இறக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது. கணக்கியல்காரி விடவில்லை. "அவங்க சாத்துறதுக்கு முன்னாடி மாசக்கணக்கில் சொல்லுவாங்க. உங்கட பெட்டி சொல்லிட்டா செத்தது?" என்றாள். பதில் இல்லை.

சண்டையை முடித்துவைத்தது அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வூதியப் பணத்தைப் பார்க்கும் நிறுவனம். 2024 மே மாதம் கூகுள் கிளவுட்டில் ஏற்பட்ட அமைப்புப் பிழையால் அங்கே அது வைத்திருந்த தனிக் கிளவுட் அழிந்துபோனது. இரண்டு இடத்தில் வைத்திருந்தார்கள், இரண்டும் கூகுளுக்குள் என்பதால் இரண்டும் போயின. வேறொரு கம்பனியிடமும் பிரதி வைத்திருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது. வாசித்து முடித்ததும் கிளவுட்டா வீடா என்ற சண்டையே எங்களுக்கு அலுத்துப்போனது. எத்தனை வீடு என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்.

இப்போது செய்திருப்பது இதுதான். வாடியில் இல்லாமல், மாமாவின் வீட்டு உள்ளறையில் ஒரு பழைய லெப்டொப்தான் சேர்வர். லெப்டொப்புக்கு பற்றரி இருக்கிறதால் யூபிஎஸ் தேவையில்லை, இந்தச் சின்ன விசயம் முதலே தோன்றாமல் 25,000 ரூபாயை விட்டோம். இன்டர்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை ஓடும். இரவில் சிக்னல் வரும்போது பூட்டிய பிரதி ஒன்று கிளவுட்டுக்குப் போகும். சாவி எங்களிடமும் மாமாவிடமும் மட்டும். படகுக்காரரின் அடையாள அட்டை இலக்கமும் கடனும் அதில் இருக்கின்றன, அதைப் பூட்டாமல் அனுப்ப எங்களுக்கு உரிமையில்லை. பிரதியை மட்டும் வைப்பதற்கு மாதம் ஒரு டொலர்கூட வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில் ஏறி புத்தளம் டவுனில் இருக்கும் தாத்தா வீட்டு அலுமாரிக்குப் போகும். மாதக் கடைசியில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு தாள் அச்சடித்து அவரவர் கையில் கொடுக்கிறோம். கடைசி யோசனை மாமாவுடையது. முப்பத்தெட்டு வீட்டில் முப்பத்தெட்டுத் தாள். இதைவிடப் பரந்த பெக்கப் எங்களுக்குத் தோன்றவில்லை.

நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. எங்கள் பக்கம் மூன்று நாள் கறண்ட் இல்லை, சிக்னல் வந்து வந்து போனது. புத்தளம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. லெப்டொப்பை உரப்பையில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வாடியில் இருந்த மூன்று கொப்பிகள் ஊறிக் கூழாகிப்போயின. மாமா அவற்றை வெயிலில் காயவைத்துப் பார்த்தார், எழுத்து முழுக்க நீலக் கறையாக இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக எங்களைக் கூப்பிட்டு, "அந்தத் தாளுகளக் கொஞ்சம் அடிச்சுத் தாங்க மகன்" என்றார். அடித்துக் கொடுத்தோம். அதைப் பார்த்துப் புதுக் கொப்பியில் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு தாத்தா வீட்டில் கூடுகிறோம். அலுமாரியில் இருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வேறொரு கம்பியூட்டரில் ஏற்றுவோம். மாமா புதுக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நினைத்த பெயரைச் சொல்லுவார், நாங்கள் திரையைப் பார்த்துப் பாக்கியைச் சொல்லவேண்டும். போன தடவை ஒன்பது பெயர் கேட்டார். எட்டு சரி. ஒன்பதாவதில் 1,500 ரூபாய் வித்தியாசம். கம்பியூட்டர் ஒன்று சொல்கிறது, கொப்பி ஒன்று சொல்கிறது. அந்தப் படகுக்காரர் இப்போது பத்தலங்குண்டில் நிற்கிறார், தாள் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம். வந்ததும் பார்ப்போம் என்றார் மாமா.