இறங்காத கண்ணாடி

வீட்டுச் சாளரம் மழைக்காலத்தில் பருத்துச் சிக்கிக்கொண்டால் தச்சரை அழைத்துச் சற்றே இழைத்துவிடுகிறோம். அதற்காக வீட்டை விற்றவர் எவருமில்லை. ஆனால் பழைய காரின் கண்ணாடி சிக்கிக்கொண்டால் மட்டும் உற்றாரும் உறவினரும் ஒருங்கே கூடி, "காரைத் தள்ளிவிடு" என்கிறார்கள். இஃது என்ன நியாயமோ!

எங்கள் வீட்டுக் கார் 1999ஆம் ஆண்டில் பிறந்தது. எந்தக் கம்பெனியின் கார் என்பது இங்கே வேண்டாம். கால் நூற்றாண்டு உழைத்த பொருளின் தளர்ச்சிக்குச் செய்தவரைக் குறை கூறுவது அறமன்று. அப்பா வாங்கிய முதல் கார் அது. கடைசிக் காரும் அதுவே. பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக அதன் ஆயுளை நீட்டிக்கொண்டு வருகிறார். அதில் கண்ணாடிகள் பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும். அக்காலத்தில் இதைக் காண அண்டை வீட்டுப் பிள்ளைகள் வருவார்களாம். இப்போது பொத்தானை அழுத்தினால் கதவுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்கும், கண்ணாடி நாலு விரற்கடை நகரும், நிற்கும். நிற்பது மேலேயா கீழேயா என்பது அதன் திருவுள்ளம்.

இது வெறும் தொல்லை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. காரின் ஏ.சி. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஐப்பசியில் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகளின் நடுவே அகப்பட்டுக்கொண்டோம். மழைக்காக ஏற்றிய கண்ணாடி, மழை விட்ட பின் இறங்க மறுத்துவிட்டது. அம்மா கையிலிருந்த விசிறியை மடித்துவிட்டுக் கதவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். இரு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் உரசிச் சென்றன. வீடு வந்ததும் அப்பா ஒன்றும் பேசாமல் சாவியை அலமாரியில் வைத்தார். மறுநாள் காரை விற்பது பற்றிப் பேச்சு எழுந்தது. காரை விற்றால் அம்மாவின் மருத்துவமனைப் பயணம் வாடகைக் காரை நம்பியே நடக்கும். மழைநாளில் அந்தக் கார்கள் வருகிற அழகை நம் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

ஒரு பெரிய பணிமனையில் கேட்டோம். கதவைத் திறந்தும் பாராமல், "மோட்டார், மெஷின் இரண்டும் மாற்ற வேண்டும், ஒரு கதவுக்கு 7,500 ரூபாய்" என்றார்கள். இரண்டு முன்கதவுகளுக்கு 15,000 ரூபாய்! காரின் விலையே அதைவிடச் சில மடங்குதான் இருக்கும்.

அன்றிரவு கதவுக்குள் நடப்பது என்ன என்று படிக்கத் தொடங்கினேன். கார்க் கண்ணாடியை விசையால் இயக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனி 1940இல் எண்ணெயழுத்தத்தால் கண்ணாடியை ஏற்றி இறக்கியது. 1951இல் கிரைஸ்லரின் இம்பீரியல் கார் மின்சாரத்தாலேயே அதைச் செய்தது. இன்று கதவுக்குள் இருப்பது ஒரு சிறிய 12 வோல்ட் மோட்டார். அதற்கு இரண்டே கம்பிகள். ஒரு வழியாக மின்சாரம் சென்றால் கண்ணாடி ஏறும். வழியை மாற்றினால் இறங்கும். மோட்டாரின் அச்சில் திருகுப்பல் ஒன்று உண்டு. அது பற்சக்கரத்தைச் சுழற்றும்; ஆனால் பற்சக்கரம் அதைச் சுழற்ற இயலாது. அதனால்தான் ஏறிய கண்ணாடி தன் எடையால் சரிவதில்லை. திருடன் வெளியிலிருந்து அழுத்தினாலும் எளிதில் இறங்குவதில்லை. மெஷினில் இரு வகை: கத்தரிக்கோல் போல் இரு கைகள் விரிந்து சுருங்குவது ஒன்று, கம்பி வடம் இழுப்பது மற்றொன்று. எங்களுடையது கத்தரி வகை.

நோய் எங்கே என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. மாலையில் எஞ்சினை ஓட்டாமல், சாவியை மட்டும் திருப்பி, காருக்குள் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பொத்தானை அழுத்துங்கள். விளக்கு சற்றே மங்கினால் மின்சாரம் மோட்டாரைச் சேர்கிறது, அது இழுக்க முயன்று தோற்கிறது என்று பொருள். விளக்கில் மாற்றமே இல்லையெனில் குற்றம் பொத்தானிலோ கம்பியிலோ இருக்கலாம். எங்கள் விளக்கு நன்றாக மங்கியது. அதைப் பார்த்து மகிழ்ந்தவன் இவ்வூரில் நான் ஒருவனே போலும்! சிக்கிய கண்ணாடியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மோட்டார் சூடேறி, தன்னைத் தானே சற்று நேரம் நிறுத்திக்கொள்ளும். அது பழுதன்று, தற்காப்பு. ஆறிய பின் மீண்டும் ஓடும்.

உதிரிப்பொருளுக்கு ஜே.சி. சாலை, வேலை தெரிந்த கைக்குச் சிவாஜிநகர். அங்கே ஒரு சந்தில், வாணியம்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகக் கார்க் கதவுகளைப் பிரித்துக் கோத்து வருகிறார். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். மொழிப்பூசல் செய்வோர் அவர் கடையில் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

"பாய், மோட்டாரை மாத்தணுமா?" என்றேன்.

கண்ணாடியின் விளிம்பில் விரலை ஓட்டி, விரலை என்னிடம் காட்டினார். கரியும் மண்ணும். "மோட்டாருக்கு என்ன தம்பி, அது நல்லாத்தான் இருக்குது. இந்த ரப்பரைப் பாரு. சேனல் முழுக்க மண்ணு. கண்ணாடியைப் புடிச்சு வெச்சுக்கிட்டு ஓடுன்னா எப்படி ஓடும்?"

கதவின் உள்ளட்டையைக் கழற்றுவதே பாதி வேலை. கைப்பிடிக்கு அடியில் மறைந்திருக்கும் திருகாணிகளை முதலில் எடுக்க வேண்டும். பிறகு கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். அட்டைக்குப் பின்னால் ஒரு பாலிதீன் தாள் ஒட்டியிருக்கும். பலரும் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீரை உள்ளே விடாமல் காப்பது அத்தாள்தான். பாய் அதைத் தாயத்துப் போல் பத்திரமாக உரித்து வைத்தார். கண்ணாடி நழுவாதிருக்க அகலமான டேப்பால் சட்டத்தோடு ஒட்டினார். மோட்டாரை மட்டும் கழற்ற விடவில்லை. கத்தரிக் கைகளில் முறுக்கேறிய சுருள்வில் ஒன்றிருக்கிறது. கட்டிப்போடாமல் மோட்டாரை எடுத்தால் அது விடுபட்டு விரலைப் பதம் பார்க்குமாம்.

கதவின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். என்னே காட்சி! பங்குனியில் பெங்களூர்ச் சாலைகளில் இளஞ்சிவப்பாய்ச் சொரியும் தபேபுயா மலர்களை எத்தனை முறை வியந்திருக்கிறேன். அவற்றின் சருகும், குல்மோகர் இலைத் துணுக்குகளும், 2011ஆம் ஆண்டின் வண்டி நிறுத்துமிடச் சீட்டு ஒன்றும் அடியில் சேறாய்க் கிடந்தன. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று துளைகள் உண்டு. அவை அடைபட்டதால் நீர் தேங்கி, மெஷினின் கீழ்ப்பகுதி துருவேறியிருந்தது. பழைய கிரீஸ் காய்ந்த வெல்லப்பாகு போல் இறுகியிருந்தது. மரங்களை நட்டவர்கள் மீது பழியில்லை. கண்ணாடிக்கு வெளிப்புறத்து ரப்பர் காய்ந்து வாய் பிளந்திருந்ததே வழி.

மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பழைய கிரீஸைத் துடைத்தோம். கம்பியால் துளைகளைக் குத்தித் திறந்தோம். உருளைகள் ஓடும் தடங்களிலும் பல்லிலும் புதிய வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லியதாகப் பூசினார். கண்ணாடி ஓடும் ரப்பர்ச் சேனலுக்கு வேறு மருந்து. அடிமட்டத்தில் துணி சுற்றிச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்தேன். ஏழு துணிகள் கறுத்தன. உலர்ந்த பின் சிலிகான் ஸ்பிரே. ரப்பரில் எஞ்சின் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. அது ரப்பரை ஊதவைக்கும், தூசியையும் விருந்துக்கு அழைக்கும். எல்லா நோய்க்கும் கைகண்ட மருந்தாகப் பலர் பிடிக்கும் டபிள்யூ.டி.-40 பற்றிக் கேட்டேன். 1953இல் அமெரிக்காவில் நீரை விலக்குவதற்கென்று நாற்பதாம் முயற்சியில் உருவானதால் அந்தப் பெயர். துருப்பிடித்த திருகாணிக்கு நல்லது. நெடுநாள் வழுக்கலுக்கு அன்று. பாயிடம் அதுவும் ஒரு டப்பா இருந்தது, திருகாணிகளுக்கு.

வேலை நடக்கையில் பாய் ஒன்று சொன்னார்: "தண்ணியில மாட்டினா மொதல்ல கண்ணாடியை எறக்கு, தம்பி. அப்புறம் போன் பண்ணு." 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் மழைநீரில் மூழ்கிய காரிலிருந்து மீட்கப்பட்ட ஓர் இளம்பெண் உயிரிழந்ததை இவ்வூர் மறக்கவில்லை. அங்கே கண்ணாடி காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே நீர் உயர்ந்தால் அதன் அழுத்தத்தில் கதவு திறவாது, கண்ணாடியே வாயில். மின்சாரம் வேலை செய்யும் சில கணங்களுக்குள் அது இறங்கியாக வேண்டும். இறங்காவிடில் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்முனைச் சுத்தியால் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி இரு தகடுகளுக்கிடையே பிசின் ஒட்டியது, எளிதில் விடாது. பத்து நிமிடம் தேய்த்த அந்த ரப்பரை இன்னும் பத்து நிமிடம் தேய்த்தேன்.

முன்பு மேலேற 17 விநாடி எடுத்த கண்ணாடி இப்போது 5 விநாடியில் ஏறுகிறது. இரண்டு கதவுகளுக்கும் பாய் வாங்கிய கூலி 1,200 ரூபாய். திரும்பும் வழியில் அல்சூர் ஏரிக்கரை வள்ளுவரைக் கடந்தோம். 1991இல் நிறுவப்பெற்று, 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திரை விலகியது அச்சிலைக்கு. பதினெட்டு ஆண்டு! எங்கள் கண்ணாடி சிக்கிக் கிடந்தது இரண்டே மாதம். அம்மா கண்ணாடியை முழுதும் இறக்கி, ஏரிக்காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்திருந்தார். அப்பா மட்டும் ஒவ்வொரு சிக்னலிலும் தம் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

பின்பக்கத்து இடக்கதவு இன்னும் முனகுகிறது. வருகிற ஞாயிறு அதை நானே பிரிக்கப் போகிறேன். திருப்புளியும் பழந்துணியும் உள்ள மன்றத்து அன்பர்கள் வரலாம். அம்மா காப்பி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.