நிற்கத் தெரிந்த தறி



ஜப்பானியரின் தொழிற்கூடங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அவற்றின் தூய்மையையும் ஒழுங்கையும் நாம் வியந்து பாராட்டுகிறோம். தரையில் எண்ணெய்க் கறை இல்லை. கருவிகள் இடம் மாறுவதில்லை. தேடித் திரிவோர் எவருமில்லை. இவையெல்லாம் மெய்யே. ஆயினும், அந்த ஒழுங்கு எதற்காகப் பிறந்தது என்பதை அறியாமல் அதன் புறத்தோற்றத்தை மட்டும் கண்டு திரும்பினால் நாம் பெறும் பயன் சொற்பமே. ஆதலால், அது பிறந்த ஊருக்கே உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன். வாருங்கள்!

செங்கல் கட்டடம்

டோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் விரைவு ரயிலில் மேற்கு நோக்கிப் புறப்பட்டால், ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடத்தில் நாகோயா மாநகரை அடையலாம். அந்த ரயில் நிலையத்துக்கு அருகிலேயே பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. 1911ஆம் ஆண்டில் சகிச்சி டொயோடா என்பவர் தம் தறிகளைச் சோதித்துப் பார்க்க ஆலை அமைத்த இடம் அது. 1994 முதல் அது டொயோடா தொழில் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

கார் நிறுவனத்தின் அருங்காட்சியகம் என்று எண்ணி உள்ளே நுழைவோரை முதலில் எதிர்கொள்வது காரன்று. வட்ட வடிவமான ஒரு பெருந்தறி! அதனைக் கடந்து சென்றால் கைத்தறி முதல் விசைத்தறி வரை வரிசையாக நிற்கின்றன. பணியாளர்கள் அவற்றை இயக்கியும் காட்டுகின்றனர்.

சகிச்சி 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். 1896இல் அவர் உருவாக்கிய விசைத்தறிக்கு ஓர் அரிய குணம் இருந்தது. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும். 1924இல் உருவான தானியங்கித் தறியோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை மாற்றிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் உடனே நிற்கும்.

தறியின் அருமை அறிந்த வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இழை அறுந்த பின்பும் தறி ஓடுமானால், நெய்யப்படும் ஒவ்வொரு முழமும் பழுதான துணியே. அதனைத் தடுக்கத் தறியின் பக்கத்திலேயே ஒருவர் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். குறை நேர்ந்த கணமே தறி தானாக நின்றுவிட்டால், ஒருவரே முப்பது, நாற்பது தறிகளைக் கவனித்துக்கொள்ளலாம். மனிதன் இயந்திரத்துக்குக் காவலாளாக இருக்கும் நிலை அன்றே மாறிற்று.

இந்தத் தறியின் உரிமைக்காக இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929இல் ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் ஆராய்ச்சியில் இறங்கினார். 1937இல் டொயோடா மோட்டார் நிறுவனம் தோன்றியது.

இழுக்க வேண்டிய கயிறு

நாகோயாவுக்குக் கிழக்கே கொரோமோ என்றோர் ஊர் இருந்தது. பட்டுக்கூடு வணிகத்தால் வாழ்ந்து, அது நலிந்தபின் வாடிய ஊர். கார்த் தொழிற்சாலை வந்தபின் 1959இல் ஊரின் பெயரே டொயோடா நகரம் என்று மாறிவிட்டது.

தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர் 1932இல் டொயோடாவின் நூற்பாலையில் சேர்ந்து, 1943இல் கார்த் தொழிற்சாலைக்கு வந்தவர். தானாக நிற்கும் தறியை நன்கறிந்த அவர், கார்கள் உருவாகும் வரிசைக்கும் அந்தக் குணத்தை அளித்தார். தொழிலாளியின் கைக்கெட்டும் தொலைவில் ஒரு கயிறு. தன் வேலையில் குறை கண்டவர் அதனை இழுத்தால் விளக்கு எரியும். மேற்பார்வையாளர் ஓடி வருவார். குறித்த எல்லைக்குள் குறை தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். சில ஆலைகளில் கயிற்றுக்குப் பதிலாக இன்று பொத்தான் இருக்கிறது.

நம் ரயில் பெட்டியிலுள்ள அபாயச் சங்கிலியை எண்ணிப் பாருங்கள். தக்க காரணமின்றி இழுத்தால் அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறோம். இங்கேயோ, குறையைக் கண்டும் இழுக்காதிருப்பதே தவறு! அனைவரையும் நிறுத்தும் உரிமை கடைநிலைத் தொழிலாளியின் கையில் இருக்கிறது என்பதை நினைவில் இருத்துங்கள்.

ஐந்து சொற்கள்

பணியிட ஒழுங்குக்கு ஜப்பானியர் ஐந்து சொற்களைப் பயன்படுத்துகின்றனர். முதலாவது செய்ரி: வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தல். பயன்படாத பொருள் எனத் தோன்றுவதில் சிவப்புச் சீட்டு ஒட்டுவர். குறித்த நாளுக்குள் எவரும் அதனை நாடாவிட்டால் அகற்றிவிடுவர். இரண்டாவது செய்தோன்: எடுப்பதற்கு எளிதாக ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். கருவி தொங்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்திருப்பர். சுத்தியல் இல்லையென்றால் அதன் வெற்றுருவே காட்டிக்கொடுக்கும். மூன்றாவது செய்சோ: துப்புரவு. இயந்திரத்தை நாள்தோறும் துடைப்பவரே அதில் புதிதாகத் தோன்றிய விரிசலையும் எண்ணெய்க் கசிவையும் முதலில் காண்பார். நான்காவது செய்கெட்சு: இம்மூன்றையும் வழுவாமல் நிலைநிறுத்துதல்.

ஐந்தாவது ஷிட்சுகே: ஏவாமலே செய்யுமளவு பழகிய ஒழுக்கம். பிள்ளைகளை நல்வழியில் வளர்ப்பதற்கும் ஜப்பானியர் இச்சொல்லையே சொல்வர். நிலையான தையலுக்கு முன் துணி நகராமலிருக்கப் போடும் ஓட்டுத் தையலுக்கும் இதுவே பெயர். எத்தனை பொருத்தம்!

இந்த ஐந்தையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவை அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. குறை ஒளிந்துகொள்ள இடமில்லாமற் செய்வதற்காக ஏற்பட்டவை. அறுந்த இழை கண்ணில் பட வேண்டும். அவ்வளவே!

ஓனோ வகுத்த மற்றொரு முறையும் இதன் உடன்பிறப்பே. உறுப்புகளைக் குவித்து வைக்காமல், தேவைப்படும்போது தேவையான அளவே வரவழைப்பது. அதற்கான சீட்டுக்குக் கன்பன் என்று பெயர். இம்முறையில் ஆபத்தும் உண்டு. 1997 பிப்ரவரி 1ஆம் நாள் கரியா நகரிலிருந்த அய்சின் செய்கி ஆலையில் தீப்பிடித்தது. பிரேக்குக்கான சிறியதோர் உறுப்பு ஏறத்தாழ முழுவதும் அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்கே. டொயோடாவின் வரிசைகள் பெரும்பாலும் நின்றுபோயின. அப்போது பல நிறுவனங்கள் அந்த உறுப்பைச் செய்து கொடுக்க முன்வந்தன. கார் உறுப்பே செய்திராத தையல் இயந்திர நிறுவனமான பிரதரும் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ ஒரு வாரத்தில் வரிசைகள் மீண்டும் ஓடின.

மறுபக்கம்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையை மட்டுமே உங்களிடம் கூறியவனாவேன்.

கமதா சதோஷி என்னும் எழுத்தாளர் 1972இல் டொயோடாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து ஆறு மாதம் உழைத்தார். வரிசையின் வேகம் மனிதனைக் கசக்கிப் பிழிவதைக் கண்டு, நம்பிக்கையற்ற தொழிற்சாலை என்றே அதனைக் குறித்து 1973இல் நூலொன்றை வெளியிட்டார்.

2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானிலுள்ள டொயோடாவின் 14 கார் ஆலைகளும் நின்றன. காரணம் என்ன தெரியுமா? கணினிச் சேமிப்பில் போதிய இடமில்லை! வேண்டாதவற்றை நீக்கி இடத்தை ஒழுங்கு செய்யும் கலையை உலகுக்குக் கற்பித்த நிறுவனத்துக்கே இந்நிலை. அதனை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதனினும் கசப்பானது அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. டொயோடாவுக்கு முழுமையாகச் சொந்தமான டைஹாட்சு நிறுவனத்தில், கார்களின் பாதுகாப்புச் சோதனைகளிலும் பிற சோதனைகளிலும் 174 முறைகேடுகள் நடந்திருந்ததை விசாரணைக் குழு கண்டறிந்தது. அவற்றுள் மிகப் பழையது 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மிகக் குறுகிய காலக்கெடுவின் நெருக்குதலே முதன்மையான காரணம் என்று குழு கூறிற்று. 'இந்தக் கெடுவுக்குள் முடியாது' என்று மேலிடத்தில் சொல்ல இயலாத சூழலில் சோதனை செய்வோர் இருந்தனர். அங்கும் தரை தூய்மையாகத்தான் இருந்திருக்கும். கருவிகள் தத்தம் இடத்தில்தான் தொங்கியிருக்கும். இழுப்பதற்குக் கயிறு மட்டும் இல்லை!

வாசகர்களே! நாகோயாவின் செங்கல் கட்டடத்திலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியது இதுதான். உங்கள் கடையிலோ, பட்டறையிலோ, அலுவலகத்திலோ அலமாரிகளை இன்றே ஒழுங்கு செய்துவிடலாம். ஒரு நாள் வேலை. ஆனால் உங்களிடம் வேலை பார்க்கும் சிறுவயதுப் பையன், "முதலாளி, இதில் தவறு இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று அச்சமின்றிக் கூற முடிகிறதா? அவ்வாறு கூறியவனை நீங்கள் கடிந்துகொள்கிறீர்களா, அல்லது அருகில் சென்று பார்க்கிறீர்களா?

அறுந்த இழையை அறிந்து நிற்கும் தறியே நல்ல துணியைத் தரும். கடையும் அப்படியே, வீடும் அப்படியே.