கோணமலைக் கடலும் கமராவின் கண்ணும்

திருகோணமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் மூன்று காரணங்களுள் ஒன்றைச் சொல்வர். கோணேசர் தரிசனம், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடல், இல்லையேல் நிலாவெளியிலே கடற்குளிப்பு. கடந்த ஆனி மாதத்தில் நாம் அங்கே சென்றதற்குக் காரணம் இவற்றுள் எதுவுமன்று. ஒரேயொரு புகைப்படம் எடுத்து வருவதற்காகவே இரவு ரயிலேறினோம்.

எங்கள் பெரியம்மா திருகோணமலையிலே பிறந்தவர். 1963-ஆம் ஆண்டு, கோணேசர் ஆலயத்திற்குக் குடமுழுக்கு நடந்த அவ்வாண்டில், பன்னிரண்டு வயதுச் சிறுமியாகத் தம் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு சுவாமி மலை உச்சியில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று அவரிடம் இருந்தது. 1985-இல் கனடாவுக்குப் புறப்பட்டபோது, படங்கள் யாவற்றையும் கடற்கரையோரத்து உறவினர் வீட்டில் வைத்துச் சென்றார். 2004 டிசம்பர் 26-ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை அவ்வீட்டு அலுமாரியைப் படங்களோடு வாரிக்கொண்டு போயிற்று. இப்பொழுது மூட்டுநோவினால் அவர் பிரயாணஞ் செய்ய இயலாதவர். “படம் போனால் போகட்டும், நான் நின்ற இடத்திலே நின்று, விடியற்காலைக் கடலை மாத்திரம் தெளிவாக எடுத்து அனுப்புங்கள், சுவரில் மாட்டிக்கொள்கிறேன்” என்று கேட்டிருந்தார். மருமகனிடம் நல்ல டிஜிட்டல் கமரா ஒன்று இருந்தமையால், அவனையும் அழைத்துக்கொண்டு போனோம்.

முதல் நாள் பையன் சும்மா இருக்கவில்லை. நிலாவெளியிலிருந்து தோணியேறிப் புறாத்தீவுக்குப் போய்வந்தான். அலை தெறித்துச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கமராவைக் கைக்குட்டையாலே சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு உறங்கிப்போனான்.

மறுநாள் விடியுமுன் பிரெடெரிக் கோட்டை வாயிலினூடாக மலையேறினோம். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே இக்கோட்டையைக் கட்டினர். ஒல்லாந்தர் கைக்கும் பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, 1803-இல் இப்பெயரைப் பெற்றது. இன்று உள்ளே இராணுவத்தினர் இருக்கின்றனர். ஆகவே நினைத்த இடமெல்லாம் படமெடுக்கலாகாது. ஆனால் அங்கே உலாவும் புள்ளிமான்கள் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒன்று வந்து கமராப் பையை முகர்ந்து, நக்கியும் பார்த்தது. பையிலே உப்புப் படிந்திருக்கிறதென்று அது எமக்கு முன்னரே அறிந்துகொண்டது போலும்!

இராவணன் வெட்டுக்கு அருகே நின்றோம். கீழே 300 அடிக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறை. அதற்கப்பால் வங்காள விரிகுடா. கதிரவன் கடலினின்றும் எழுந்தான். மருமகன் படத்துக்குமேல் படமாகத் தட்டினான். கமராவின் பின்புறத்துச் சிறு திரையிலே பார்த்தால், எல்லாம் பால் ஊற்றிக் கலக்கியது போலிருந்தன. வானமுங் கடலும் வெளிறிக்கிடந்தன. கதிரவனைச் சுற்றி வட்டமாக மூட்டம். வில்லையை உற்று நோக்கினோம். கண்ணாடிமேல் சாம்பல்நிறப் படலம் ஒன்று பூத்திருந்தது.

பையன் உடனே சட்டை நுனியைப் பிடித்து, வாயால் ஆவி ஊதித் துடைக்கப்போனான். அவ்வேளையில் பக்கத்திலே நின்ற முதியவர் ஒருவர், “தம்பி, பொறும்! கையை எடும்!” என்று அதட்டினார். திடுக்கிட்டுத் திரும்பினோம். பஸ் நிலையத்துக்கு அண்மையில் நாற்பது வருடங்களாகப் போட்டோ ஸ்டூடியோ நடத்துபவர் அவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மலைக்கு வருவாராம். “இன்றைக்குப் படம் போய்விட்டது, நாளைக்கும் சூரியன் வரும். வில்லையிலே கீறு விழுந்தால் அது போகாது. கடைக்கு வாரும்” என்றார்.

கடையிலே அவர் முதலிற் காட்டியது தமது பழைய வில்லையொன்றை. விளக்கொளியிற் சாய்த்துப் பிடித்தபோது, சிலந்தி வலை பின்னினாற்போல் வட்டவட்டமான மெல்லிய கீறல்கள் தெரிந்தன. “இது கடற்கரையிலே நான் வேட்டி நுனியாலே துடைத்தது. ஒரேயொரு தரந்தான்” என்றார். அவர் முகத்திலே அந்த இழப்பு இன்னும் மாறாதிருந்தது.

அவர் சொன்னதன் உட்பொருளை வாசகர்களுக்கு எடுத்துரைப்பது தகும். கமரா வைத்திருக்கும் மாணவர்கள் சற்றே ஊன்றிப் படிப்பார்களாக. அலைத் துளியிலுள்ள நீர் ஆவியாகிப் போக, உப்பு கண்ணாடியிலே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டியதும், அவ்வுப்பு ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து பிசுபிசுக்கும். கடற்கரை விடியலில் இது எளிதில் நேருவதே. அப்படலத்தின்மீது நேரே கதிரவன் ஒளி விழுந்தால், ஒளி சிதறிப் படம் முழுதும் வெளிறும். உப்பாவது கண்ணாடியிலும் மென்மையானது. அதனோடு ஒட்டிய மணலோ அப்படியன்று. சாதாரண வெண்மணலே கண்ணாடியைக் கீறவல்லது. திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலே புல்மோட்டை என்னும் ஊருண்டு. அங்குள்ள கருமணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் கிடைக்கின்றன. இவற்றுள் சிர்க்கோன் வெண்மணலைக் காட்டிலும் கடினமானது. இத்தகைய மணிகளைத் துணிக்கும் வில்லைக்கும் இடையே வைத்து உரைப்பது, வில்லைக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமானம்.

மேலும், கீறுவது கண்ணாடியை மாத்திரமன்று. 1935-இல் ஜேர்மனியின் சைஸ் தொழிலகத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்பார் வில்லையின்மேல் மிக மெல்லிய பூச்சொன்றிட்டு, வீணாகத் தெறிக்கும் ஒளியைக் குறைக்கும் முறையைக் கண்டார். இன்றைய வில்லைகளிலே ஊதாவும் பச்சையுமாக மின்னுவது அவ்வகைப் பூச்சே. அதன் ஒரு படையின் தடிப்பு தலைமயிரின் தடிப்பில் நூற்றிலொரு பங்குகூட இராது. அதனை அழுத்தித் தேய்த்தால் என்னவாகுமென்று சொல்லவும் வேண்டுமோ?

பெரியவர் வேலையைத் தொடங்கினார். கமராவை அணைத்து, வில்லையை நிலம் நோக்கிக் கவிழ்த்துப் பிடித்தார். றப்பர்க் குமிழொன்றை அழுத்திக் காற்றை ஊதினார்; தூசி கீழே விழுந்தது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தகரக் குப்பியில் அடைத்துவரும் காற்றோ சிலவேளை குளிர்ந்த திரவத்தைக் கக்கிவிடும் என்றார். பின்னர் மயிர்த் தூரிகையால், அழுத்தாது, ஓரங்களை வருடினார். மணல் போய்விட்டது என்று உறுதியான பிறகே துணியை எடுத்தார். புதிய நுண்ணிழைத் துணியின் ஒரு மூலையிலே வடிகட்டிய நீர் இரண்டு துளி. நீரை வில்லைமேல் விடவில்லை. விட்டால் விளிம்பு வழியே உள்ளே கசியும். ஈர மூலையைக் கண்ணாடிமேல் மெல்ல ஒற்றியெடுத்து, உப்பைக் கரைய விட்டார். அதன்பின் நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஒரு சுற்று. துணியின் வேறொரு சுத்தமான பக்கத்தால் மீண்டும் ஒரு சுற்று. கைரேகை எண்ணெய் ஒன்றிரண்டு இடத்தில் எஞ்சியது. அதற்கு வில்லைக்கென்றே விற்கும் திரவத்தைத் துணியில் இட்டார். யன்னற் கண்ணாடி துடைக்கும் மருந்து ஒருபோதும் ஆகாதாம்.

“அடிக்கடி துடைப்பதும் பிழை” என்றார். ஒரு தூசித் துகள் வில்லையிலே இருந்தால் படத்தில் அநேகமாகத் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்திலே கரும்புள்ளி விழுந்தால், அது உள்ளேயிருக்கும் ஒளியுணரியின் தூசி. அதனைத் தொடாமல் பழகியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கைத்தொலைபேசிக் கமராவுக்கும் இதே மரியாதை வேண்டும் என்றபோது, நாம் மெல்ல எங்கள் கைபேசியைச் சட்டைப் பைக்குள் மறைத்தோம்.

இன்னொன்றையும் அவர் வற்புறுத்தினார். வாடைக்காற்று வீசும் மாரிகாலத்தில் கமராவைத் தோற்பையிலே பூட்டி வைத்தால் வில்லையினுள் பூஞ்சணம் பிடிக்கும். அது பூச்சையே அரித்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தல் நன்று.

பேச்சு அவருடைய இளமைக் காலத்துக்குச் சென்றது. 1956-ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, பழைய ஆலயத்தின் தூண்களையும் செதுக்கற் கற்களையும் கண்டதும், அவற்றைப் படமெடுத்ததும் பலரும் அறிந்த செய்தியே. கடலுக்குள்ளேயே கமராவைக் கொண்டு சென்றவர்கள் அவர்கள்! நீர்மூழ்குவோர் கரையேறியதும் செய்யும் முதல் வேலை, கமரா இருக்கும் நீர்புகாக் கூட்டை, உப்புக் காயுமுன் நன்னீரில் அமிழ்த்துவது. தோணியிலிருந்து இறங்கிய மருமகன் செய்திருக்க வேண்டியதும் ஏறத்தாழ அதுவே. ஈரத்துணியால் கமராவின் உடலையேனும் அன்றிரவே ஒற்றியிருக்கலாம்.

பெரியவர் கூலி வாங்க மறுத்தார். துணிக்கும் றப்பர்க் குமிழுக்கும் மாத்திரம் விலை பெற்றுக்கொண்டார்.

மறுநாட் காலை மீண்டும் மலையேறினோம். அறையின் குளிரூட்டியிலிருந்து நேரே வெளியே எடுத்தால் வில்லை வியர்க்குமென்று, கமராவைப் பையிலேயே அரைமணி நேரம் வைத்திருந்தோம். பாறை விளிம்பிலே, பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் சிறு தொட்டில்கள் கட்டும் மரத்தை இடப்புறம் வைத்து, கதிரவன் கடலைத் தொட்டு எழும் கணத்தில் மருமகன் படமெடுத்தான். தொலைவிலே ஒரு மீன்பிடித் தோணி. அதன் மேலே நிற்கும் மனிதன்கூடத் தெரிந்தான்.

படம் போய்ச் சேர்ந்த இரவு பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “மரத்திலே பதினொரு தொட்டில் இருக்கிறது, தம்பி” என்றார். நாம் எண்ணியபோது பத்துத்தான் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த பின்னரே, இலைகளின் பின்னாலிருந்த பதினோராவதைக் கண்டோம்.