அப்பா தொட்டுப் பார்த்த டயர்

கார் கழுவும் கடையில் வேலை முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி வரும். "அண்ணே, டயர் கிலாட் போடவா?" பெரும்பாலும் இலவசம்தான். நாமும் தலையாட்டிவிடுவோம். பையன் ஒரு பழைய பெயிண்ட் டின்னில் பிரஷை முக்கி எடுத்து, நான்கு டயரையும் சுற்றி ஒரு தீற்றுத் தீற்றுவான். டயர் பாலிஷ் போட்ட பள்ளிக்கூடச் சப்பாத்து மாதிரி மின்னும். வீட்டுக்கு வந்து பார்த்தால் கதவின் அடிப்பகுதியில் வரிசையாகக் கரும்புள்ளிகள், சாம்பார் தெறித்தது போல. என் கார் வெள்ளை நிறம். அதனால் தெருமுனையில் நின்றாலே தெரியும்.

இந்தத் தொல்லைக்காகவே டயர் வேலையை மட்டும் கடைக்காரரிடம் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டு வாசலிலேயே முடித்துவிடுவேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அப்பா உட்கார்ந்துகொள்வார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். ரப்பர் சம்பந்தப்பட்ட எதிலும் தமக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று நினைப்பவர்.

டயர் ஏன் பழுப்பாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் அதை மண் என்று நினைக்கிறார்கள். மண்ணும் உண்டு, பிரேக் தூளும் உண்டு. ஆனால் பெரும்பங்கு டயருக்குள்ளிருந்தே வருவது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிப்பு விழச் செய்யும். அதைத் தடுக்க 6பிபிடி என்ற இரசாயனத்தையும் மெழுகையும் டயர் செய்யும்போதே கலந்துவிடுகிறார்கள். இவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ஓசோனிடம் தாமே அடிபட்டுக்கொள்ளும். அப்படி அடிபட்ட 6பிபிடியின் நிறம்தான் அந்தப் பழுப்பு. டயர் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அது அடையாளம். பார்க்கத்தான் அசிங்கம்.

இன்னொன்று. டயர் உருண்டுகொண்டே இருந்தால்தான் இந்த மெழுகு ஒழுங்காக மேலே வரும். அசைந்து கொடுக்கும்போதுதான் அது வெளியே தள்ளப்படுகிறது. ஓடாமல் நிறுத்தி வைத்த காரின் டயர் சீக்கிரம் வெடிப்பது இதனால்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைகளில் டயர் கிலாட் என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. கெட்டியாக, பிசுபிசுவென்று, ஏறக்குறைய நிறமில்லாமல், மூக்கைத் துளைக்கும் வாசனையோடு இருப்பது கரைப்பான் வகை. சிலிக்கோன் எண்ணெயைப் பெட்ரோலியக் கரைப்பானில் கலந்திருப்பார்கள். இதில் பளபளப்பு அதிகம், மழையிலும் சில நாள் நிற்கும். இன்னொன்று பால் போல வெள்ளையாக, நீர்த்து, அதிக வாசனையில்லாமல் இருக்கும். அது நீர்வகை. இதிலும் சிலிக்கோன் உண்டு, பளபளப்பே அதனால்தான். ஆகவே சிலிக்கோன் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது அதைச் சுமந்து வருவது எது என்பதைத்தான். போத்தலின் பின்பக்கம் பெட்ரோலியம் டிஸ்டிலேட் என்று போட்டு, சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் படமும் இருந்தால் அது முதல் வகை.

நான் முதன்முதலாக ஒரு கரைப்பான் வகைப் போத்தலைத் திறந்தபோது அப்பா முகத்தைச் சுளித்தார். "மண்ணெண்ணெய் வாடை வருதே. ரப்பர்ல இதைப் போய் யாராவது பூசுவாங்களா?"

தோட்டத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், கவிழ்ந்த மண்ணெண்ணெயில் ரப்பர் சப்பாத்து ஒரு ராத்திரி ஊறிக் கிடந்தால் காலையில் ஊதிப்போய், கை வைத்தால் ஒட்டுமாம். சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொலுஷனே பெட்ரோல் மாதிரிக் கரைப்பானில் ரப்பரைக் கரைத்துச் செய்ததுதான் என்று ஒரு பாடமும் நடத்தினார். இரசாயனம் படித்தவர் சொல்வதும் அதேதான்: இயற்கை ரப்பரும் பெட்ரோலியக் கரைப்பானும் ஆகாது. ஒரு தடவை பூசியதால் டயர் பாழாகிவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் வாராவாரம் பூசினால், உள்ளிருந்து வந்த பாதுகாப்பு மெழுகை நாமே கழுவி எடுப்பதுபோல் ஆகும்.

நீர்வகைப் போத்தலைத் திறந்து பஞ்சில் ஊற்றியபோது அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "இது பால் மாதிரில்ல இருக்கு!"

உண்மையிலேயே இரண்டும் ஒரே கட்டமைப்புத்தான். மரத்திலிருந்து மங்கில் சொட்டும் பால் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துளிகள். இந்தப் போத்தலில் இருப்பது நீரில் மிதக்கும் நுண்ணிய சிலிக்கோன் துளிகள். மங்கின் ஓரத்தில் நீர் காய்ந்ததும் பால் தோலாக நிற்பதுபோல, டயரிலும் நீர் ஆவியானதும் ஒரு மெல்லிய படலம் மட்டும் நிற்கும். காயும்வரை கை வைக்கக்கூடாது என்பதை இதற்குப் பிறகு நான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்தான் எனக்குச் சொல்கிறார்.

வெள்ளைப் பாலிலிருந்து கறுப்பு டயர் எப்படி வந்தது என்று அவர் ஒரு நாள் கேட்டார். ஆரம்பகால டயர்கள் உண்மையில் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. பிறகுதான் கரித்தூளைக் கலந்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கிறது என்று கண்டுகொண்டார்கள். அந்தக் கரித்தூளே வெயிலின் புற ஊதாக் கதிரையும் தாங்கிக்கொள்கிறது. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைப் பிறகு வகுத்துக் கொடுத்த ரிட்லி, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்று வந்ததும் அதே 1888இல். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட மரம் ஒன்று இன்னமும் நிற்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே கருத்து, "பட்டை நல்லா இல்லை" என்பதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். இதில் முக்கால் பங்கு கழுவுவதுதான். பூசுவது ஐந்து நிமிடம்.

காரின் உடலைக் கழுவுவதற்கு முன்பே டயரைக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் கழுவிய கதவில் அழுக்குத் தெறிக்கும். டயர் குளிர்ந்திருக்க வேண்டும். வாளியும் பிரஷும் தனியாக இருக்கட்டும், துணி துவைக்கும் பிரஷ் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு பழைய பூச்சை முழுக்க எடுப்பதில்லை. எல்லா அழுக்கையும் போக்கும் கிளீனர் என்று கார்ப் பொருள் கடைகளில் விற்பதை, போத்தலில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து தெளித்துத் தேயுங்கள். முதலில் வரும் நுரை கோப்பிக் கலரில் ஓடும். அலசிவிட்டு மறுபடி தெளித்துத் தேய்த்தால் தேத்தண்ணி கலர். மூன்றாம் தடவை நுரை ஏறக்குறைய வெள்ளையாக வரும். அங்கே நிறுத்தலாம். கார் கழுவும் கடையில் பூசியது நிற்காமல் தெறிப்பதற்கு முக்கியக் காரணம் இந்தப் பழைய அடுக்கின்மேல் புது அடுக்கு ஏறுவதுதான். ஒட்டுவதற்கு அங்கே ரப்பரே இல்லை.

பிறகு துடைத்துக் காயவிட வேண்டும். எழுத்துகளின் இடுக்கில் தண்ணீர் நிற்கும், அதை ஒரு பழைய துண்டால் ஒற்றி எடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் காய்வதற்கு நேரமாகும், அவசரப்பட்டால் பூச்சு திட்டுத்திட்டாக விழும்.

பூசும்போது டயர்மேல் நேராகத் தெளிக்காதீர்கள். தெளிப்பது சக்கரத்துக்குள் புகுந்து பிரேக் டிஸ்க்கில் படிந்தால் பிரேக் பிடிக்காது. பஞ்சில் ஐம்பது சென் காசு அளவு ஊற்றி, பக்கச்சுவரில் மட்டும் மெல்லிசாகத் தேய்த்துக்கொண்டு போனால் ஒரு டயருக்கு அப்படி இரண்டு தடவை போதும். சாலையைத் தொடும் பூப்பகுதியில் ஒரு துளியும் படக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, வேண்டாத துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். இந்தக் கடைசித் துடைப்பை யாருமே செய்வதில்லை, கதவுப் புள்ளிகளுக்கு அதுதான் மருந்து. மைவி போன்ற சின்னக் காரின் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் எதுவும் அந்தச் சுழற்சியில் டயரில் தங்காது.

எவ்வளவு நாள் நிற்கும்? நீர்வகை, மழை நாளில் ஒரு வாரம் நின்றால் பெரிது. மழைக்காலத்தில் நான் பூசுவதே இல்லை, கழுவுவதோடு சரி. சுத்தமான டயரின் மங்கிய கறுப்பே எனக்குப் பிடித்திருக்கிறது. டயருக்கு ஆயுள் கூடும், வெடிப்பு ஆறும் என்று போத்தலில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. விழுந்த வெடிப்பை எந்தப் பூச்சும் ஒட்ட வைக்காது, கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டுமானால் முடியும். அப்படி மறைத்த ஒன்றை நாங்கள் நேரில் பார்த்தோம்.

அக்கா மகனுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் முதல் வேலை கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து போக ஒரு கார் வேண்டும். பழைய கார் கடையில் ஒரு மைவியைப் பார்த்து வைத்திருந்தான். ஒரே உரிமையாளர், வயதானவர், அதிகம் ஓட்டாத கார். என்னையும் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு போனான். கார் நன்றாகத்தான் இருந்தது. நான்கு டயரும் கண்ணாடி மாதிரி மின்னின. "டயர்ல பூ நிறைய இருக்கு, அங்கிள். இன்னும் ரெண்டு வருஷம் ஓடலாம்" என்றார் விற்பனையாளர்.

பூ நிறைய இருந்தது உண்மை. 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் குறிக்கு மேல் தாராளமாக நின்றது. அப்பா குனிந்து பக்கச்சுவரைக் கட்டை விரலால் அழுத்தினார். விரலைத் திருப்பிப் பார்த்தார், கறுப்பு எண்ணெய். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு சாண் இடத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஐயா, ஸ்டீரிங்கை ஒரு பக்கமா முழுசாத் திருப்பு" என்றார் பேரனிடம்.

சக்கரம் வெளியே திரும்பியதும், துடைத்த இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன, காய்ந்த வயல் மாதிரி. ரிம்மை ஒட்டிய வளைவில் இன்னும் ஆழமாக இருந்தன. "பால் செத்துப்போச்சு" என்றார் அப்பா. விற்பனையாளருக்கு அது புரியவில்லை. மொழிபெயர்க்க எனக்கும் தெரியவில்லை.

நான் தேடியது டிஓடி எண்ணை. டயரின் பக்கச்சுவரில் அந்த எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். சில டயர்களில் அது ஒரு பக்கம்தான் முழுமையாக இருக்கும், வெளியே காணவில்லை என்றால் உள்பக்கம் பார்க்க வேண்டும். கைபேசி வெளிச்சத்தில் படித்தேன்: 3213. அதாவது 2013ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். அக்கா மகன் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். டயர் நிறுவனங்கள் சில, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கச் சொல்கின்றன. பத்து ஆண்டைத் தாண்டினால் பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. ஓடாத கார் என்று பெருமையாகச் சொன்னதே அந்த டயர்களுக்கு வினையாக இருந்திருக்கிறது.

அக்கா மகன் மெதுவாக என்னிடம், "மாமா, இப்போதைக்கு இதுலேயே ஓட்டி, மூணு மாசச் சம்பளம் வந்ததும் மாத்திக்கிறேனே" என்றான். கையில் முன்பணத்துக்கு மட்டும்தான் காசு வைத்திருந்தான். கேட்க முடியாத கேள்வி இல்லை அது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவன் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு தடவையாவது போய் வருவான், பாதி நேரம் இரவில், மழையில்.

அப்பா எதுவும் பேசாமல் துண்டால் அடுத்த டயரைத் துடைக்கத் தொடங்கினார். பிறகு மூன்றாவது. விற்பனையாளர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான்காவது டயருக்கு அப்பா போகும் முன்பு, விலையில் 500 ரிங்கிட் குறைப்பதாகச் சொன்னார். அன்று மாலையே டயர் கடையில் நான்கையும் மாற்றினோம். 740 ரிங்கிட் ஆனது. குறைந்த தொகைக்கு மேல் இருந்த 240ஐ அப்பா கொடுத்தார். புது டயரின் எண்ணையும் அவரே ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

எதிர் வீட்டுப் பையன் போன மாதம் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, இதற்கும் அந்தப் பாலைப் பூசிக் கொடுங்கள் என்றான். மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும்போது டயரின் ஓரமே சாலையைத் தொடும், அங்கே பூச்சு இருந்தால் வழுக்கிவிடும். இதை நான் விளக்குவதற்குள் அப்பா போத்தலை மூடி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். "மோட்டாருக்கு வேணாம் தம்பி. பிரஷ் இந்தா. ரிம்மை நல்லாத் தேயி." அவன் ஒரு மணி நேரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.