வலப்பக்கத்துக்கு வழிவிடும் நகரம்

பாரிஸ் நகரில் வாகனம் ஓட்டுவது குறித்து, லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உறவினர் வீடுகளுக்கு வந்துபோகும் தமிழர் சொல்லும் கருத்துகள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பில் வந்து முடிகின்றன: அங்கே ஒழுங்கு என்று ஒன்றில்லை, துணிந்தவர் முந்திப் போகிறார், தயங்கியவர் சந்தியிலேயே நிற்கிறார். இத்தீர்ப்பு முற்றிலும் தள்ளத்தக்கதன்று; ஆயினும் அதைச் சொல்பவர் எந்த நகரத்தின் விதியை மனத்தில் ஏந்திக்கொண்டு பாரிஸுக்குள் நுழைந்தார் என்று ஆராய்ந்தால், ஒழுங்கின்மையாக அவருக்குத் தோன்றியவற்றுட் பல, அவர் கற்றிராத வேறோர் ஒழுங்கின் செயற்பாடுகளே என்பது புலப்படும்.

அவ்வொழுங்கின் அடித்தளம் வலப்புற முன்னுரிமை எனப்படும் விதியாகும். வேறு அறிவிப்புப் பலகையோ சமிக்ஞை விளக்கோ இல்லாத சந்தியில், வலப்பக்கத்து வீதியிலிருந்து வரும் வாகனத்துக்கு மற்றவர் வழிவிட வேண்டும் என்பதே இதன் பொருள். அகன்ற வீதியில் செல்பவருக்கே உரிமை என்று இலங்கையிலோ இங்கிலாந்திலோ பழகிய ஒருவருக்கு, ஒடுங்கிய ஒழுங்கையொன்றிலிருந்து திரும்பிக்கூடப் பாராமல் வெளிப்படும் கார் முரட்டுத்தனமாகவே படும். ஆனால் அந்தக் காரின் சாரதி தமக்குச் சட்டம் தந்த உரிமையைத்தான் பயன்படுத்துகிறார். விபத்து நேர்ந்தால் இரு சாரதிகளும் அந்த இடத்திலேயே சேர்ந்து நிரப்பிக் கையொப்பமிடும் படிவத்தில், வலப்பக்கமிருந்து வந்த வாகனம் எது என்பதைக் குறிக்கத் தனிக் கட்டமே இருக்கிறது. மொழி தெரியாத அவசரத்தில் அக்கட்டத்தைக் கவனியாது ஒப்பமிடுபவர், பிழை யாருடையது என்ற வழக்கைத் தாமே முடித்துவைத்தவராவார்.

இவ்விதியின் உச்சத்தைக் காண வேண்டுமானால், வெற்றி வளைவைச் சூழ்ந்த எத்துவால் சுற்றுவட்டத்துக்குச் செல்ல வேண்டும். 1970இல் சார்ல் து கோல் சதுக்கம் என்று பெயர் மாற்றப்பட்ட அவ்விடத்தில் 12 பெருவீதிகள் வந்து கூடுகின்றன. தடங்களைப் பிரிக்கும் கோடுகள் கிடையா. வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை என்ற விதியைப் பிரித்தானியா 1966இல் நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது. பிரான்சும் 1980களில் தன் சுற்றுவட்டங்களிற் பெரும்பாலானவற்றுக்கு, நுழைவாயிலில் பலகை நாட்டி, அவ்விதியையே கொண்டுவந்தது. எத்துவாலோ பழைய முறையிலேயே நின்றுவிட்டது. அங்கே உள்ளே இருப்பவரே தடுப்புப்பிடித்து நிற்க வேண்டும். வெளியிலிருந்து நுழைபவருக்கே வழி. லண்டன் சாரதி நுழைவாயிலில் மரியாதையுடன் காத்திருக்கையில் பின்னாலிருப்பவர் ஹோர்ன் அடிப்பதும், உள்ளே போனபின் அவர் நில்லாமற் செல்ல முயலும்போது வலப்பக்கமிருந்து நால்வர் பாய்வதும், அவருடைய பார்வையில் இரட்டை அநியாயம். உண்மையில் அவரே இரண்டு முறையும் விதிக்கு மாறாக நடந்திருக்கிறார். இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் பாரிஸ் மைத்துனருக்கு நன்றி கிடைப்பது அரிது.

கலே துறையிலிருந்து, அல்லது 1994இல் திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கத்தின் வாயிலிலிருந்து புறப்படும் லண்டன் குடும்பம் பெரும்பாலும் ஏ1 நெடுஞ்சாலை வழியாகவே பாரிஸை அடைகிறது. அச்சாலை முடிவடையும் போர்த் து லா சப்பல் என்ற வாயிலில்தான் நகரைச் சுற்றி ஓடும் பெரிபெரிக் என்ற வளையப் பாதை அவர்களை எதிர்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நகரைக் காக்க எழுப்பப்பட்ட கோட்டை மதிலும் அதன் வெளித்திடலும் இருந்த நிலத்தில் அமைக்கப்பட்டு, 1973இல் முழுமை பெற்ற இந்த 35 கிலோமீற்றர் வளையத்திலும், நுழைபவருக்கே முன்னுரிமை. வேக வரம்பு 2014இல் 80இலிருந்து 70 ஆகவும், 2024 ஒக்டோபரில் 50 ஆகவும் குறைக்கப்பட்டமையால், நெடுஞ்சாலையில் 130இல் வந்தவர் சட்டென்று ஊரத் தொடங்க வேண்டியுள்ளது. வாகனங்கள் நெருங்கி ஊரும் வேளைகளில் இடப்பக்க ஓரத்து இரு வரிசைகளுக்கிடையே மோட்டார் சைக்கிள்கள் புகுந்து செல்வது, நீண்ட பரீட்சார்த்தத்தின் பின் 2025 ஜனவரியில் நாடு முழுவதும் சட்டபூர்வமாக்கப்பட்டது. அவற்றுக்காகச் சற்று விலகி இடம்விடும் பழக்கம் பாரிஸ் சாரதிகளிடம் ஊறிப்போயுள்ளது. வலப்பக்கச் சுக்கான் கொண்ட பிரித்தானியக் காரிலோ, இடப்பக்கத்தால் முந்த முனையும் சாரதிக்கு முன்னே இருப்பது தெரிவதில்லை; அருகில் அமர்ந்திருப்பவர், பெரும்பாலும் மனைவி, கண்ணாகச் செயற்பட வேண்டியிருக்கிறது. குடும்பச் சண்டைகள் பலவற்றுக்கு இவ்வளையம் களமாவது வியப்பன்று.

எழுதப்பட்ட சட்டத்தைவிடச் சிக்கலானவை சாரதிகளுக்கிடையிலான சமிக்ஞைகளே. முன்விளக்கை ஒருமுறை மின்னவைப்பது இங்கிலாந்தின் நடைமுறையில், அந்நாட்டு வீதிக் கையேடு அவ்வாறு சொல்லாவிடினும், நீங்கள் முதலில் போங்கள் என்ற உபசாரம். பிரான்சில் அதுவே நான் வருகிறேன், நில்லுங்கள் என்ற எச்சரிக்கை. இலங்கையிலும் தமிழகத்திலும் அதன் பொருள் பிரான்சில் உள்ளதுதான். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஓட்டப் பழகி லண்டனில் குடியேறிய ஒருவர், அங்கே சிரமப்பட்டு மறந்த பாடத்தைப் பாரிஸில் மீண்டும் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். ஊரிலிருந்து நேரே வருபவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரொறன்ரோ உறவினரின் இடர் வேறு. ஒன்ராறியோ மாகாணத்தில், தடை அறிவிப்பு இல்லாத இடத்தில், சிவப்பு விளக்கில் முழுமையாக நின்றபின் வலப்புறம் திரும்பலாம்; பாரிஸில், தனியான மஞ்சள் அம்புக்குறி மின்னினாலன்றி, அது குற்றம். வாடகைக் காரின் முன்சில்லு நிறுத்தக் கோட்டைச் சற்றே தாண்டிவிட்டால், சந்தியின் மறுபுறத்தில் விளக்கு இல்லாத காரணத்தால், பச்சை விழுந்ததா என்பதே அவருக்குத் தெரியாமற் போகும். பின்னாலிருப்பவரின் ஹோர்னே அவருக்கு விளக்கு.

இவர்களையெல்லாம் விருந்தோம்பும் பாரிஸ் தமிழரின் கருத்து வேறு திசையில் செல்கிறது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்காக, வயது முதிர்ந்தபின் கற்ற பிரெஞ்சு மொழியில், 40 வினாக்களுள் 35க்குச் சரியான விடையளிக்க வேண்டிய கோட் என்ற எழுத்துத் தேர்வைக் கடந்தவர்கள் அவர்கள். புதிய பத்திரத்தில் 6 புள்ளிகளே இருக்கும் என்பதையும், பிழைக்கேற்ப அவை கழிக்கப்பட்டு, குற்றமின்றி ஓட்டினால் மூன்றாண்டில் 12 ஆகும் என்பதையும் அறிந்தவர்கள். வலப்புற முன்னுரிமை அவர்களுக்கு மனப்பாடம். அவர்களுடைய முறைப்பாடு நகரம் காருக்குக் கதவடைத்து வருகிறது என்பதுதான். செய்ன் நதியின் வலக்கரைத் தாழ்சாலை 2016இல் கார்களுக்கு மூடப்பட்டது; ரிவோலி வீதியின் பெரும்பகுதி 2020இல் மிதிவண்டிகளுக்குச் சென்றது; 2021 ஓகஸ்ட் முதல் பெரும்பாலான வீதிகளில் 30 கிலோமீற்றரே வரம்பு; 2024 நவம்பர் முதல் நடுநகரின் நான்கு வட்டாரங்களை வெறும் ஊடுவழியாகப் பயன்படுத்தவும் தடை. குடும்பத்தோடு பயணிப்போர் விரும்பும் பெரிய கார்களுக்கும் விலை உண்டு: 1.6 தொன்னுக்கு மேற்பட்ட எரிபொருள் வாகனம், நகரவாசி அல்லாதவருடையதாயின், மத்திய வட்டாரங்களின் வீதியோரத்தில் தரித்து நிற்க முதலிரு மணித்தியாலங்களில் மணிக்கு 18 யூரோ செலுத்த வேண்டும்.

இந்த மாற்றங்களால், பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லும் அறிவுரைகள் விரைவில் காலாவதியாகின்றன. 2013இல் பெரிபெரிக்கில் 80இல் ஓடியவர் இன்று தம் தம்பிக்குச் சொல்லும் வழிகாட்டுதல் தண்டப்பணத்தைத்தான் பெற்றுத்தரும். துணிவாக ஓட்டு என்ற பரவலான உபதேசமும் அரைகுறையே; துணிவு தேவைப்படுவது வழிவிட வேண்டியவர் வழிவிடுவார் என்று நம்புவதற்கு, விதியைப் புறக்கணிப்பதற்கு அன்று. லண்டனிலிருந்து வருவோர் காரை லா கூர்னேவ் போன்ற புறநகரில் உள்ள உறவினர் வீட்டில் விட்டுவிட்டு மெற்றோவிலோ ஆர்.இ.ஆர் புகையிரதத்திலோ நகருக்குள் செல்வதே தக்கது. கோடையின் இறுதியில் பாரிஸில் நடைபெறும் மாணிக்க விநாயகர் ஆலயத் தேருக்கு வருவோர் காரை நினைக்கவே தேவையில்லை: லண்டன் புகையிரதம் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து தமிழர் கடைத்தெருவான லாச்சப்பல் சில நிமிட நடைதான், தேரோடும் வீதிகளோ அன்று வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும்.