அருகிலா, தொலைவிலா?

பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் பெற்றோர் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது. மூன்றாண்டுச் செலவையும் ஒருங்கே கணக்கிட வேண்டும்.

எங்கள் மகள் இயற்பியல் பயிலச் சென்னையை விரும்பினாள். எங்கள் ஊருக்கு அருகில் பாளையங்கோட்டை. 1923-இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரியும் அங்குண்டு. கணக்கெழுதும் பொறுப்பை அவளிடமே விட்டோம். அரசு உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் குறைவு. அதே கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் மிகுதி. சென்னையிலோ விடுதியும் உணவும் பயணமும் கட்டணத்தையே விஞ்சின. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் பயின்ற அவளுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அது நூல்களுக்கும் பேருந்துக்கும் உதவும்; விடுதிக்குப் போதாது.

கூட்டி முடித்தவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்பா, எனக்காகக் கடன் வாங்கினால் தம்பி எப்படிப் படிப்பான்? இளங்கலையை இங்கேயே முடிக்கிறேன். முதுகலைக்குச் சென்னை அனுப்புவீர்களா?” என்றாள். அனுப்புவதாக வாக்களித்தோம். அதற்கெனத் திங்கள்தோறும் சிறு தொகையை அஞ்சலகத்தில் சேர்த்து வருகிறோம்.

பெற்றோரே, அருகிலுள்ள கல்லூரி தாழ்ந்ததன்று, தொலைவிலுள்ளது தகாததுமன்று. வீட்டின் வரவையும் கடனையும் பிள்ளைகளிடம் மறையாது கூறுங்கள். அவர்களும் பொறுப்புடன் தேர்ந்துகொள்வர்.